மெயில் ஐடி கேட்டால் போன் நம்பர் சொல்கிறவர்களுக்கு

தக்கலையில் எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட்டுக்கு நாள் பதிவது என்று எல்லாம் செய்கிற சின்னக் கடை. பதில் பல விதமாக வரும். சிலர் போன் நம்பரைச் சொல்வார்கள். சிலர் "மெயில் ஐடி இல்லை, ஜிமெயில்தான் இருக்கு" என்பார்கள். இன்னும் சிலர், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, பாஸ்வேர்டையே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். இவர்கள் யாரும் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. ரப்பர் ஷீட் இன்றைக்கு என்ன விலை, எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், வளைகுடாவில் எந்த விசாவில் போனால் என்ன சிக்கல் என்று எனக்குச் சொல்லித் தருகிறவர்கள். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் நேரே போனுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களுக்கு யாரோ ஒரு வாத்தியார் இந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்திருப்பார். போன் வாங்கினவர்களுக்கோ, விற்றவர் சிம்மைப் போட்டு, ஏதோ ஒரு ஜிமெயிலைத் திறந்து, கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதனால் கவுண்டரில் நின்றுகொண்டு அவசரத்தில் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். எல்லா வார்த்தையும் ஒரே அளவுக்கு முக்கியம் இல்லை. எந்த வார்த்தை தெரியாததால் வேலையோ பணமோ கையை விட்டுப் போகிறதோ அங்கே நின்று சொல்கிறேன், மற்றதை ஓட்டிவிடுகிறேன்.

நெட் எங்கிருந்து வருகிறது

இன்டர்நெட் என்றால் கூகுள் இல்லை, வாட்ஸப்பும் இல்லை. உலகம் முழுக்க இருக்கிற கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிற ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். நிறையப் பேர் அது சாட்டிலைட்டில் இருந்து இறங்கி வருகிறது என்று நினைக்கிறார்கள். உங்கள் போனிலிருந்து டவர் வரைக்கும்தான் காற்றில் போகிறது. டவருக்கு அப்புறம் பெரும்பாலும் கண்ணாடி இழை கேபிள்தான். வெளிநாடு என்றால் அந்தக் கேபிள் கடலுக்கு அடியில் கிடக்கிறது. தூத்துக்குடியில் இருந்து இலங்கைக்கு 2006இல் அப்படி ஒரு கேபிள் போட்டார்கள். சென்னை, மும்பை, கொச்சி கரைகளிலும் இப்படிக் கேபிள்கள் ஏறுகின்றன. பஹ்ரைனில் இருக்கிற மகன் வீடியோ காலில் சிரிக்கிறான் என்றால் அந்தச் சிரிப்பு கடலடி வழியாகத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

சாட்டிலைட்டில் இருந்து வருவது ஜிபிஎஸ். இரண்டும் வேறு வேறு. தூத்தூர், சின்னத்துறைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கரை மறைந்து டவர் போன பிறகும் போட்டில் ஜிபிஎஸ் வேலை செய்கிறது, நெட் செய்வதில்லை. போனிலும் அதே கதைதான். நெட் இல்லாத இடத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது போனுக்குத் தெரியும், ஆனால் அந்த இடத்தின் மேப் படத்தைக் கொண்டுவர டேட்டா வேண்டும். முன்கூட்டியே மேப்பை டவுன்லோடு செய்து வைத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

மொபைல் டேட்டா என்பது உங்கள் சிம் தருகிற நெட். வைஃபை என்பது வீட்டிலோ ஆபீசிலோ இருக்கிற பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் உள்ள தொடர்பு மட்டும். "வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, ஆனா நெட் வரல" என்றால் பெட்டி வரைக்கும் போன் போய்விட்டது, பெட்டிக்கு வெளியே லைன் இல்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட் என்றால் உங்கள் போனே அந்தப் பெட்டியாக மாறி அடுத்தவருக்கு நெட் கொடுப்பது. செலவாவது உங்கள் டேட்டா.

ரோமிங் என்றால் உங்கள் சிம் தன் வட்டாரத்தை விட்டு வேறு வட்டாரத்து டவரில் வேலை செய்வது. இந்த வார்த்தை களியக்காவிளைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு முக்கியம். எல்லைக்குப் பக்கத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் கேரளா டவரைப் பிடித்துவிடும். சில போன்களில் டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தால் அந்த நேரத்தில் கால் பேச முடியும், நெட் மட்டும் வராது. செட்டிங்ஸில் சிம் என்று இருக்கிற இடத்தில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்து பாருங்கள். ஆனால் இதே சிம்மோடு விமானம் ஏறுகிறவர்கள், வெளிநாட்டுக்கான பேக் போடாமல் இருந்தால், ஏறுவதற்கு முன்பே அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

கேபி, எம்பி, ஜிபி: இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்

இவை படி, மரக்கால் மாதிரி அளவுகள். 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி. போனில் எடுக்கிற ஒரு போட்டோ மூன்று நாலு எம்பி இருக்கும். விண்ணப்பங்களிலோ போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் என்று கேட்பார்கள். நாலு எம்பி என்றால் நாலாயிரம் கேபிக்கு மேல். ஐம்பது கேபி கொள்ளுகிற இடத்தில் அதை ஏற்றப் பார்த்தால் "ஃபைல் சைஸ் எக்சீட்ஸ்" என்று சிவப்பில் வரும். வெப்சைட் கெட்டுப்போய்விட்டது என்று மூன்று நாள் காத்திருந்து, கடைசித் தேதி முடிந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. வெப்சைட் சரியாகத்தான் இருந்தது. முகம் மட்டும் வருகிற மாதிரி படத்தை வெட்டினாலே பாதிக்கு மேல் குறையும்; அப்புறம் ரீசைஸ் செய்கிற ஏதாவது ஒரு ஆப்பில் கேபி அளவைக் கொடுத்தால் வேலை முடிந்தது. வாட்ஸப்பில் ஒரு முறை அனுப்பினாலும் படம் சுருங்கிவிடும், ஆனால் தெளிவும் போய்விடும். சர்டிபிகேட்டை அப்படி அனுப்பாதீர்கள். தெளிவு குறையாமல் போக வேண்டுமென்றால் வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்பதைத் தொட்டு அனுப்புங்கள்.

இன்னொரு கணக்கு. தினசரி டேட்டா தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும் என்று மெசேஜ் வருகிறது அல்லவா, அந்தக் கேபியும் மேலே சொன்ன கேபியும் ஒன்றில்லை. வேகத்தை பிட் கணக்கில் சொல்கிறார்கள், ஃபைலை பைட் கணக்கில் சொல்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட். அப்படியானால் அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 8 கேபிதான் போகும், ஒரு நாலு எம்பி போட்டோ போய்ச்சேர எட்டரை நிமிஷம் ஆகும். ராத்திரி பதினோரு மணிக்கு டேட்டா தீர்ந்த போனை வைத்துக்கொண்டு கடைசி நாள் விண்ணப்பம் போட உட்காராதீர்கள்.

டவுன்லோடு என்றால் வெளியே இருந்து உங்கள் போனுக்கு இறக்குவது, அப்லோடு என்றால் உங்கள் போனில் இருந்து ஏற்றுவது. திண்ணையில் லோடு இறக்குவதும் ஏற்றுவதும் மாதிரித்தான். இறக்கின ஃபைல் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் 'ஃபைல்ஸ்' ஆப்பைத் திறந்து 'டவுன்லோட்ஸ்' என்பதைப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

பிரவுசர், லிங்க், முகவரியைப் படிக்கும் விதம்

முன்பு நாகர்கோவிலில் பிரவுசிங் சென்டர் என்று போர்டு வைத்த கடைகள் நிறைய இருந்தன, மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. அந்த பிரவுசிங்கைச் செய்கிற, அதாவது வெப்சைட்டுகளைத் திறந்து காட்டுகிற ஆப்தான் பிரவுசர். உங்கள் போனில் அனேகமாக குரோம் இருக்கும். வெப்சைட்டுகள் எல்லாம் சேர்ந்தது வெப். டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். கூகுள் என்பது அந்த வெப்பில் தேடித் தருகிற ஒரு வெப்சைட், அவ்வளவுதான். ஆப் என்றால் ஒரு வேலைக்காகவே போனில் பதிக்கிற தனிக் கருவி. ஒரு இடத்தின் வேலையை ஆப்பிலும் செய்யலாம், பிரவுசரிலும் செய்யலாம் என்றால், எப்போதாவது ஒரு முறை போகிற இடத்துக்கு ஆப் பதிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

லிங்க் என்றால் தொட்டால் வேறு இடத்துக்குக் கூட்டிப் போகிற எழுத்து. யூஆர்எல் என்றால் அந்த இடத்தின் முகவரி. இந்த முகவரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஏமாற்று வேலைகளில் பெரும்பகுதி உங்களிடம் நடக்காது. அதனால் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

தபால் முகவரியை நாம் எப்படி எழுதுகிறோம்? வீட்டுப் பெயர், தெரு, ஊர், அஞ்சல், கடைசியில் மாவட்டமும் 629இல் ஆரம்பிக்கிற பின்கோடும். யாராவது 'பத்மநாபபுரம், தக்கலை, கன்னியாகுமரி' என்று அழகாக எழுதிவிட்டு கடைசியில் கொல்கத்தா என்றும் அந்த ஊர்ப் பின்கோடையும் போட்டால் கடிதம் எங்கே போகும்? கொல்கத்தாவுக்குத்தான். வெப்சைட் முகவரியும் அப்படித்தான், முடிவில் இருப்பதுதான் ஊரைத் தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் எச்டிடிபிஎஸ் என்றும் இரண்டு சாய்கோடும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதலில் வருகிற சாய்கோடு வரைக்கும் படித்து, அந்தக் கோட்டுக்கு நேர் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசு வெப்சைட் என்றால் அங்கே 'டாட் கவ் டாட் இன்' என்றோ 'டாட் நிக் டாட் இன்' என்றோ இருக்கும். பாஸ்போர்ட், இந்தியா, கவ் என்றெல்லாம் முன்னால் எழுதிவிட்டு, சாய்கோட்டுக்கு முன்னால் 'டாட் காம்' என்றோ 'டாட் டாப்' என்றோ முடிந்தால் அது அரசு இடம் இல்லை. வங்கிகளுக்கும் இப்போது ஒரு அடையாளம் இருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி என்று சொல்லி வருகிற லிங்க் அப்படி முடியவில்லை என்றால் தொடாதீர்கள்.

முகவரியின் ஆரம்பத்தில் வருகிற எச்டிடிபிஎஸ், அதன் பக்கத்தில் வருகிற பூட்டுப் படம் இரண்டையும் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பூட்டு இருந்தால் நல்ல வெப்சைட் என்று பலருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சாட்சி இல்லை. திருடனும் பூட்டு வாங்கலாம். இந்தத் தப்பெண்ணத்தாலேயே 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது.

குக்கீ, கேஷ் இரண்டும் வெப்சைட்டுகள் உங்கள் போனில் விட்டுவைக்கிற சின்னக் குறிப்புகளும் படங்களும். போன் நிறைந்தால் அழிக்கலாம், அழித்தால் சில இடங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும், வேறு நஷ்டம் இல்லை. வெப்சைட்டுகள் 'நோட்டிபிகேஷன் அனுப்பட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்பதைத் தொடுங்கள். விளம்பரமாக வந்து விழுகிறது, போனில் வைரஸ் என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு அங்கே 'அலோ' அழுத்தினதுதான் காரணமாக இருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷனுக்குப் போய் அந்த வெப்சைட்டை நிறுத்தினால் விளம்பரமும் நின்றுவிடும்.

மெயில்

மெயில் வெப்பை விடப் பழசு. ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1971இல் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பிப் பார்த்தபோது, ஆளின் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவில் @ என்ற குறியைப் போட்டார். இன்றும் அதன் பொருள் அதுதான். இன்னார், இன்ன இடத்தில். மெயில் ஐடி என்பது அந்த முழு முகவரி. ஜிமெயில் என்பது கூகுள் 2004இல் தொடங்கிய மெயில் சேவை, மற்ற கம்பெனிகளுக்கும் அது மாதிரி சேவை உண்டு. மெயில் ஐடியை யாரிடமும் சொல்லலாம், அது வீட்டு முகவரி. பாஸ்வேர்டு வீட்டுச் சாவி, அதை எங்களைப் போன்ற கடைக்காரர்களிடமும் சொல்லக்கூடாது. நீங்களே டைப் செய்யுங்கள், நாங்கள் திரும்பி நிற்கிறோம்.

உங்கள் ஐடி என்னவென்றே தெரியவில்லையா? ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொடுங்கள். அங்கே காட்டும். எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஜிமெயிலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை, பெயருக்கு நடுவில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஒரு எழுத்து மாறினால் போச்சு. 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் உங்களுக்கு ஒரு பதில் வந்தால், அது ஆள் இல்லை, நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்ற தகவல். முதலில் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

போன மாதம் குளச்சல் பக்கத்தில் இருந்து ஒரு பாட்டா வந்தார். மகன் பஹ்ரைனில். அப்பாவையும் அம்மாவையும் கொஞ்ச நாள் கூட்டிப்போக விசாவுக்குக் கொடுக்கிறானாம். "மக்களே, வாட்ஸப்புல அனுப்பினேன், எழுத்து தெரியலைங்கான். மெயில்ல அனுப்பச் சொல்லுதான். மெயில்னா என்னது?" என்று கேட்டார். நானே அனுப்பிக் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவருக்கு அடுத்த வாரம் மறுபடியும் தேவைப்படும் என்று தெரிந்ததால், கூட்டம் இல்லாத மத்தியானமாக இருந்ததால், பக்கத்தில் உட்கார வைத்து அவர் விரலாலேயே செய்ய வைத்தேன். அதை அப்படியே சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டைத் திறந்து வெளிச்சமான இடத்தில் மேஜைமேல் வைத்தோம். கூகுள் டிரைவ் ஆப்பில் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, கேமரா படம் போட்டிருக்கும். அதைத் தொட்டுப் படம் எடுத்தால் ஓரங்களைத் தானே வெட்டி பிடிஎஃப் ஆகச் சேமிக்கும். பிடிஎஃப் என்றால் எந்தப் போனில் திறந்தாலும், எந்தக் கடையில் பிரிண்ட் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிற காகிதம். அப்புறம் ஜிமெயிலைத் திறந்து, கீழே வலது பக்கம் பேனா படம் போட்ட 'கம்போஸ்', அதாவது புது மெயில் எழுது என்பதைத் தொட்டார். 'டு' என்ற இடத்தில் மகனுடைய முகவரி. 'சப்ஜெக்ட்' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். ஆபீஸ் கடிதத்தில் மேலே பொருள் என்று எழுதுவோமே அதுதான் என்றேன். அப்பா பாஸ்போர்ட் காப்பி என்று தமிழிலேயே எழுதினார். மேலே பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டால் 'அட்டாச்', இணைக்கிற இடம். பிடிஎஃபைத் தேர்ந்தெடுத்து, அது கீழே ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு அம்பு படத்தைத் தொட்டார், அதுதான் 'சென்ட்'. பத்து நிமிஷத்தில் மகனிடமிருந்து 'கிடைச்சாச்சு அப்பா' என்று பதில் வந்தது. அதைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார்.

அந்த வேலையில் வராத சில வார்த்தைகள் பாக்கி இருக்கின்றன. சிசி என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்குத் தெரியும், கடிதத்துக்கு அடியில் கார்பன் தாளை வைத்து அதே தட்டலில் இன்னொரு நகல் எடுப்பது. ஆபீசருக்கு எழுதுகிறோம், விவரம் தெரிய கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் என்றால் அவர் முகவரி சிசியில். பிசிசி என்றாலும் நகல்தான், ஆனால் அவருக்கு அனுப்பியது மற்றவர்களுக்குத் தெரியாது. குடும்ப விழா அழைப்பை நூறு பேருக்கு அனுப்பும்போது எல்லோர் முகவரியையும் எல்லோருக்கும் காட்டாமல் பிசிசியில் போடுவதுதான் மரியாதை.

'ரிப்ளை' அனுப்பியவருக்கு மட்டும் பதில். 'ரிப்ளை ஆல்' அந்த மெயிலில் உள்ள அத்தனை பேருக்கும் போகும், சம்பளம் பற்றி எழுதும்போது கவனம். 'பார்வேர்டு' வேறொருவருக்கு அப்படியே அனுப்புவது. இதில் ஒரு விஷயம்: பார்வேர்டு செய்தால் இணைத்த ஃபைலும் கூடப் போகும், ரிப்ளை செய்தால் போகாது. 'டிராஃப்ட்' என்றால் எழுதி அனுப்பாமல் விட்டது. அனுப்பிவிட்டேன் என்று சத்தியம் செய்கிற பலருடைய விண்ணப்பம் டிராஃப்டில் கிடப்பதை நானே எடுத்துக் காட்டியிருக்கிறேன். 'சென்ட்' பெட்டியில் இருந்தால்தான் போயிருக்கிறது. மெயில் திடீரென்று காணவில்லை என்றால், விரல் பட்டு ஓரமாகத் தள்ளியிருப்பீர்கள், அது 'ஆர்கைவ்' ஆகியிருக்கும், 'ஆல் மெயில்' என்பதில் பத்திரமாக இருக்கும். 'ஸ்பேம்' குப்பை மெயில் பெட்டி. வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் வாரம் ஒரு முறை அதையும் திறந்து பாருங்கள், நல்ல மெயிலும் சில நேரம் அங்கே போய்விடும். அங்கே கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

15 ஜிபி நிறைந்தால் என்ன ஆகும்

உங்கள் மெயில் போனுக்குள் இல்லை. சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது, போன் அதைக் காட்டுகிற ஜன்னல். கிளவுட் என்று சொல்வதும் இதைத்தான். அதனால் போன் கடலில் விழுந்தாலும் வேறு போனில் பாஸ்வேர்டு கொடுத்து மெயிலைத் திறக்கலாம். அதே காரணத்தால், போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ், வாட்ஸப் பேக்கப் எல்லாம் இந்த ஒரே பத்தாயத்தில்தான் விழுகின்றன. அது நிறைந்துவிட்டால் உங்களுக்குப் புது மெயில் வராது, அனுப்பியவருக்குத் திரும்பிப் போய்விடும். நர்சிங் முடித்த ஒரு பெண், இன்டர்வியூ அழைப்பு வரவே இல்லை என்று வந்து நின்றாள். போட்டோஸ் முழுக்க அக்கா கல்யாண வீடியோ, 15 ஜிபியும் சிவப்பில் நின்றது. அழைப்பு அனுப்பப்பட்டுத் திரும்பியிருக்கிறது. அதை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. நீங்கள் இதைப் படித்து முடித்ததும் ஜிமெயிலில் மேலே வலது வட்டத்தைத் தொட்டு எத்தனை ஜிபி ஆகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெரிய வீடியோக்களை பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றின பிறகு அழித்தால் இடம் வரும்.

கப்பலும் விமானமும் ஏறுகிறவர்கள் இதைப் படிக்காமல் போகாதீர்கள்

என் அண்ணன் சவுதிக்குப் போய் இரண்டரை வருஷம் கழித்து வந்தான். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அந்த நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். நிறுத்தப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டில் உள்ள நடைமுறை. பாஸ்வேர்டு மறந்த மெயிலைத் திறக்கப் பார்த்தான். சரிபார்க்கும் எண்ணை அந்தப் பழைய நம்பருக்கு அனுப்புவேன் என்றது. வங்கிக் கணக்கிலும் அதே நம்பர். ஆறு மாசம் அலைந்தான், மெயில் கிடைக்கவே இல்லை, அதில் இருந்த எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் போனது போனதுதான்.

'ரிகவரி' என்ற வார்த்தை இதற்குத்தான். சாவி தொலைந்தால் வீட்டைத் திறக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தொட்டு, அக்கவுண்டுக்குள் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால் ரிகவரி போன், ரிகவரி மெயில் இரண்டும் இருக்கும். அங்கே போனை விற்ற கடைக்காரருடைய நம்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சத்தியமாக நிறையப் பேருக்கு இருக்கிறது. வீட்டில் நிலையாக இருக்கிற ஒருவருடைய மெயிலை, மனைவியோ தங்கச்சியோ, ரிகவரி மெயிலாகக் கொடுங்கள். 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்', அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு, போட்டால், பாஸ்வேர்டு தெரிந்த திருடனும் இரண்டாவது பூட்டைத் திறக்க முடியாது. அதைப் போட்ட பிறகு 'பேக்கப் கோட்ஸ்' என்பதைத் தொட்டால் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குச் செல்லும், சிம் இல்லாமலே உள்ளே போகலாம். இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளும் ஒன்றை வீட்டுப் பீரோவிலும் வையுங்கள். இரண்டு வருஷம் தொடாத அக்கவுண்டை கூகுள் அழிக்கலாம் என்றும் விதி இருக்கிறது, அதனால் வெளிநாடு போனாலும் மாசம் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஊர் சிம்முக்கு இருக்கிறதில் குறைந்த ரீசார்ஜையாவது வீட்டில் இருப்பவர்கள் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஓடிபி, பின், ஏபிகே

ஓடிபி என்றால் ஒரு தடவை மட்டும் செல்லுகிற சாவி. நீங்கள் ஏதாவது செய்யும்போது வந்தால் அது உங்களுக்கு. நீங்கள் சும்மா இருக்கும்போது வந்தால் வேறு யாரோ உங்கள் வாசலில் நிற்கிறார் என்று பொருள், யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. யூபிஐ பின் பணம் கொடுப்பதற்கும் கணக்கில் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்குவதற்குப் பின் வேண்டாம், கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். தோவாளையில் பூ விற்கிற அக்காவிடம் 'பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு எடுத்துக்குங்க' என்று ஒருத்தன் சொன்னால் அவன் எடுக்கப் போகிறான், கொடுக்கப் போவதில்லை.

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பைப் பதிக்கிற ஃபைல். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத சலான், கரண்ட் பில் என்று பெயர் வைத்து வாட்ஸப்பில் இதை அனுப்புகிறார்கள். தெரிந்தவர் நம்பரில் இருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃபாகவோதான் வரும். ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் திறக்காமல் அழித்துவிட்டு, அனுப்பியவருக்கு போன் செய்து சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள். உடனே 1930க்கு போன் செய்யுங்கள், சைபர் கிரைம் புகாருக்கான நம்பர் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் சொன்னால் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற வெப்சைட்டிலும் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், எங்களைப் போன்ற கடைகளுக்கு வருகிறவர்களுக்கு. கடை கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைத் திறந்தால் வேலை முடிந்ததும் 'சைன் அவுட்' கொடுக்கச் சொல்லுங்கள், கொடுத்ததைக் கண்ணால் பாருங்கள். ஆதார், பாஸ்போர்ட் படத்தைக் கடை வாட்ஸப்புக்கு அனுப்பினால், பிரிண்ட் வந்ததும் உங்கள் பக்கத்தில் இருந்து 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' செய்யுங்கள், கம்ப்யூட்டரில் இறங்கின ஃபைலையும் அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.